மச்சினன் வாங்கிய கனெக்டிங் ராடு

எனக்கு ஆகாத சாமான்களில் முதலிடம், பளபளப்பான பெட்டியில் வருகிற சாமானுக்கு. கேரள எல்லையோரப் பாறசாலை ரயில் நிலையத்திலிருந்து கொல்லயில் பக்கம் போகிற சாலையில் இருபத்திரண்டு வருடமாக எஞ்சின் வேலைக்கடை வைத்திருக்கிறேன். சிலிண்டர் கடைவது, கிராங்க் தேய்ப்பது, கழற்றின எஞ்சினைத் திரும்பக் கூட்டுவது, இதுதான் தொழில். என் கடைக்கு வருகிற உருப்படியான சாமான் எல்லாம் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, சாக்கு நூலால் கட்டி வரும். பெட்டிக்குள் கறுப்பு ஸ்பாஞ்சு வெட்டி, அதற்குள் கல்யாண நகை மாதிரி பதித்து வருகிற சாமானைப் பார்த்தாலே எனக்கு வாய் கோணும். அப்படி ஒரு பெட்டியைத்தான் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு கொண்டுவந்து என் வேலை மேசைமேல் வைத்தான். உள்ளே நாலு கனெக்டிங் ராடு இருந்தது.

அவன் பதினொரு வருடம் வளைகுடாவில் ஏசி வேலை பார்த்தவன். கம்பெனி ஆளைக் குறைத்தபோது இவனையும் குறைத்தார்கள், ஊருக்கு வந்தான். எங்கள் பக்கம் அப்படித் திரும்பி வருகிறவர்களின் ஒழுங்குமுறை எனக்கு அத்துப்படி. முதல் மாதம் ஊரில் சாலை சரியில்லை, ஆள் சரியில்லை என்பார்கள். மூன்றாம் மாதம் பேக்கரியோ செல்போன் கடையோ திறப்பார்கள். ஒரு வருடம் கழித்து, பழைய முதலாளிக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று விசாரிப்பார்கள். இவன் பேக்கரி திறந்திருந்தால் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து பஃப்ஸ் தின்றுவிட்டு வாழ்த்தியிருப்பேன். இவனோ என் தொழிலுக்குள் காலை விட்டான். ஹைவே ஓரமாக ஒரு ஷெட்டைப் பிடித்து, 'பெர்ஃபாமன்ஸ் கேரேஜ்' என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பலகை மாட்டினான். வீடியோ பார்த்து எஞ்சின் படித்தவன். பார்த்த வீடியோ எல்லாம் எர்ணாகுளத்துக்காரன் ஒருவன் போடுவது. அந்த ஆள் போட்டிருக்கிற கையுறையில் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டியிருந்து நான் பார்த்ததில்லை.

அவன் திட்டம் இது. தன்னுடைய பழைய பெட்ரோல் காரின் எஞ்சினைப் பிரித்து, வேகத்துக்கு ஏற்ற மாதிரி திரும்பக் கூட்டுவது. அறுப்பு முடிந்தபின் பெருங்கடவிளைப் பக்கத்தில் பையன்கள் நடத்துகிற மண் பந்தயத்தில் அதை ஓட்டிக் காட்டுவது. அதைப் பார்த்து நாலு பேர் தங்கள் வண்டியோடு ஷெட்டுக்கு வருவார்கள். வந்தால் அவன் ஊரில் இருப்பான். வராவிட்டால் மறுபடி விமானம் ஏற வேண்டும். அவனுக்கு ஐந்து வயதில் ஒரு மகள். அவன் வந்து இறங்கிய நாளில் அந்தப் பெண் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, இது போனில் வருகிற அப்பாதானா என்று கேட்டிருக்கிறாள். இப்போதுதான் தோளில் ஏறத் தொடங்கியிருந்தாள். இதையெல்லாம் என் மனைவி என்னிடம் ஒன்றுக்குப் பத்து தடவை சொல்லியிருந்தாள். எஞ்சினைக் கூட்டித் தருகிற வேலையை நான் ஏற்றுக்கொண்டது அவள் முகத்துக்காகத்தான்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற இரும்புக் கைக்குப் பெயர்தான் கனெக்டிங் ராடு. மேல் முனையில் சின்னக் கண், கீழ் முனையில் பெரிய கண். பெரிய கண் இரண்டு பாதியாக இருக்கும். கீழ்ப்பாதியைத் தொப்பி மாதிரி கவிழ்த்து, இரண்டு போல்ட் போட்டு இறுக்குவோம். வண்டி பறக்கும்போது நிமிடத்துக்கு ஆறாயிரம் தடவை இந்தக் கையைப் பிடித்து இழுத்து நசுக்கும். ஒரு ராடு ஒடிந்தால் எஞ்சின் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்க்கும். அதனால் ராடு விஷயத்தில் விளையாட்டு கிடையாது.

"அத்தான், சாமானப் பாத்தியளா? ஃபோர்ஜ்டு ஆக்கும். ஆக்சிலேட்டர எவ்வளவு சவுட்டினாலும் தாங்கும்" என்றான்.

"எலே, உனக்க எஞ்சினுல கெடந்த கம்பெனி ராடும் அடிச்சு உருவாக்கினதுதான். அதுக்கு என்ன சீக்கு?"

"அது ஸ்டாக் இல்லியா. பவர் கூட்டும்போ அது போராது அத்தான்."

"எவன் சொன்னான்?"

"வீடியோவுல சொல்லுதான்."

கழற்றி வைத்திருந்த பழைய ராடுகளை எடுத்து அவன் முன்னால் வரிசையாக வைத்தேன். விரிசல் இல்லை, வளைவு இல்லை. இவன் கூட்டப்போகிற வேகத்துக்குப் புது போல்ட் போட்டு, நாலின் எடையையும் சமமாக்கினால் இதுவே தாராளம் என்றேன். அது உண்மை. இன்றைக்கும் கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் நான் அதைச் சொன்ன விதம், பதினொரு வருடம் ஏசியைத் துடைத்தவனுக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும் என்கிற மாதிரி இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. போகும்போது பழைய ராடு நாலையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போனான். வீட்டில் பத்திரமாக வைக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. வீட்டில் விளைந்ததில் முதலாவது எதுவோ அதைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்தபின் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். வாழைக்குலை, மரச்சீனி, தேங்காய், கோழி. விளைச்சல் இல்லாதவர்கள் தொழிலில் கிடைத்த முதல் பலனைக் கொண்டுவரலாம். தையல்காரர் ஒரு சட்டை கொண்டுவருவார், தச்சர் ஒரு முக்காலி. ஏலத்தில் ஒன்றுமில்லாத சாமானுக்கு அதிக விலை கேட்பது எங்கள் ஆட்களுக்குப் பெருமை. ஒரு பூசணிக்காய்க்கு இரண்டு பேர் மல்லுக்கட்டி, ஜெயித்தவர் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை முற்றத்தைச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அன்று வாழைக்குலைக்கும் சேவலுக்கும் நடுவில், வெள்ளைத் துணி விரித்து, நாலு கனெக்டிங் ராடு. என் மச்சினன் வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். கேரேஜுக்காகக் கழற்றின முதல் சாமான், அதனால் முதற்பலன் என்பது அவன் கணக்கு. புது ராடு வந்துவிட்டது, பழையது இனி எனக்கு வேண்டாம் என்று ஊருக்குப் படம் காட்டுவது அடுத்த கணக்கு. பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்தவர்கள் முந்தின நாளே அவற்றைச் சோப்புப் பொடியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வெள்ளிப் பாத்திரம் மாதிரி ஆக்கியிருந்தார்கள். தேய்ப்பதற்காகத் தொப்பிகளைக் கழற்றி, தேய்த்தபின் கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததில் மாட்டியிருந்தார்கள். ஒரு ராடின் தொப்பி அந்த ராடுக்கு மட்டும்தான் சேரும். இதை அந்தச் சகோதரிகளிடம் சொல்லிப் பயனில்லை, இதை அறிய வேண்டியவன் வேட்டியில் சிரித்துக்கொண்டு நின்றான். நாலையும் சேர்த்து விற்றால் ஒருத்தர்தான் கேட்பார் என்று ஒவ்வொன்றாக ஏலம் விட்டார்கள். நாலு வீட்டுக்கு நாலு ராடு போயிற்று. இது எந்த எஞ்சினில் எங்கே இருக்கும் என்று வாங்கினவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் புது ராடுகளை அளக்க உட்கார்ந்தேன். மச்சினன் பக்கத்தில் நின்றான். பெரிய கண்ணில் தொப்பியை மாட்டி, போல்ட்டை இறுக்கி, கண்ணுக்குள் போர் கேஜை விட்டு மேலும் கீழும் ஒரு அளவு, பக்கவாட்டில் ஒரு அளவு எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கண் வட்டம். இல்லாவிட்டால் கோழி முட்டை, அதற்குள் பேரிங் நிற்காது. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு கணக்கு உண்டு. டார்க் ரெஞ்சில் அந்த எண்ணை வைத்தால், இறுக்கம் சேர்ந்ததும் அது 'டக்' என்று சொல்லும். இந்த எஞ்சினின் எண் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பெட்டிக்குள் எட்டாக மடித்த காகிதம் ஒன்றும், ஷாம்பு பாக்கெட் மாதிரி கிரீஸ் பாக்கெட் ஒன்றும் கிடந்தன. இரண்டையும் விரலால் ஒதுக்கினேன். போல்ட்டுக்கு வழக்கம்போல எஞ்சின் எண்ணெய் தொட்டு, வழக்கமான எண்ணில் இறுக்கினேன்.

முதல் ராடு முட்டை. இரண்டாவதும் முட்டை. நாலும் முட்டை, நாலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கோணல்.

எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. உச்சந்தலைவரை குளிர்ந்தது. நாலு வேறு வேறு ராடில் ஒரே குற்றம் ஒரே அளவில் வந்தால், ராடைச் சந்தேகப்படும் முன் அளக்கிறவன் தன் கையைச் சந்தேகப்பட வேண்டும். வேறு ஒருவன் இந்த நாலு எண்ணை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டியிருந்தால், போய் ஒழுங்காக அளந்துவிட்டு வா என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்த யோசனை என் பக்கம்கூட வரவில்லை. வரவேண்டிய இடத்தில் முழுக்க நான் உட்கார்ந்திருந்தேன்.

"பாத்துக்க. உனக்க ஒண்ணாங்கிளாஸ் சாமான். இத வச்சுக் கூட்டினா பந்தயத்துல பாதி வழியில எஞ்சின் சட்டையக் கிழிச்சிட்டு வெளிய வரும்" என்றேன்.

அவன் ராடையும் கேஜையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "பின்ன என்ன செய்யது அத்தான்?" என்று மட்டும் கேட்டான்.

"என்ன செய்யது? உனக்க ஸ்டாக் ராடக் கொண்டா. இல்லாட்டா வேற ஆளப் பாரு."

அந்த மாடல் காரைச் செய்வதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன. கம்பெனியிடம் அந்த ராடு கிடைக்காது. களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும் பழைய இரும்புக்கடைகளில் ஒரு வாரம் அலைந்து கேட்டும் ஒழுங்கான ஜோடி இல்லை. அப்படியானால் ஏலம் போன நாலையும் திருப்பி வாங்க வேண்டும். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "கர்த்தருக்குக் குடுத்தத திருப்பி எடுக்கப்பிடாது. நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அவன நாணங்கெடுத்தாதீங்க" என்றாள். அவன் தானாக நாணங்கெட்டவன், நான் ஒன்றும் கெடுக்க வேண்டாம் என்றேன். துணைக்கு வருகிறேன் என்று சொல்லி அவனோடு கிளம்பினேன். துணைக்குப் போகவில்லை, வேடிக்கை பார்க்கப் போனேன்.

முதல் ராடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க, மலையாளப் பேப்பர்மேல் பாரமாக வைத்திருந்தார். தேவனுக்கு ஒப்புக்கொடுத்ததில் கை வைத்த பழைய ஏற்பாட்டு ஆட்களின் கதியை அரைமணி நேரம் விளக்கினார். "மோனே, ஞான் தராம். பட்சே ஆத்யம் ஒரு ப்ரார்த்தன" என்று, தருவதற்கு முன் ஒரு ஜெபத்துக்காகக் கண்ணை மூடினார். அவர் ஜெபித்து முடித்தபோது என் டீயில் ஆடை கட்டியிருந்தது. இரண்டாவது, வாழைக்குலை வியாபாரி வீட்டில். கேட் தானாகச் சாத்திக்கொள்ளும்படி கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவிழ்த்தால் ஆடு உள்ளே வரும் என்றார். மச்சினன் சாலையோரத்திலிருந்து ஒரு செங்கல் எடுத்து வந்து, குனிந்து அதே கயிற்றில் கட்டிக் கொடுத்தான். மூன்றாவது, பள்ளி வேன் ஓட்டுகிறவர் வீட்டில், டிவிக்குக் கீழே பீங்கான் பொம்மைகளுக்கு நடுவில். அந்த வீட்டம்மா, "கொள்ளாமே! குடுத்தது நீ, பிடுங்குறதும் நீ" என்று சொல்லிக்கொண்டே எடுத்துத் தந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். நான் பின்னால் நின்று, தொண்டையைச் செருமி, சிரிப்பை அடக்கினேன்.

நாலாவது பந்தல் காண்டிராக்டர் வீட்டில். ராடு சுவரில் தொங்கியது. பெரிய கண்ணை உள்பக்கம் அரைத்துப் பெரிதாக்கி, அதற்குள் ஒரு கடிகாரத்தைப் பதித்து, முழுக்க நிக்கல் முலாம் பூசியிருந்தார். மணி சரியாகக் காட்டியது. அவர் பெருமையாக, "எப்படி உண்டு?" என்று என்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். இனி அது எந்த எஞ்சினுக்கும் ஆகாது.

மூன்று ராடு இருந்தால் எஞ்சின் கூட்ட முடியாது. பந்தயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மச்சினன் என் கடை வாசலில் உட்கார்ந்து, கைபேசியில் மகளின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுகூட எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்படி உட்கார்ந்தால் ராடு முளைக்குமா என்று கேட்டேன். அவன் எழுந்து போனான்.

அவன் போனபின், புது ராடுகளைத் தேய்த்து வட்டமாக்க முடியுமா என்று பார்க்கலாமே என்று தோன்றியது. அதற்குக் கண்ணின் சரியான அளவு தெரிய வேண்டும். செய்தவனே தன் அளவை எங்காவது எழுதியிருப்பான், அதை வைத்தே அவன் லட்சணத்தைக் காட்டலாம் என்று, ஒதுக்கி வைத்த காகிதத்தை விரித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த போல்ட் வேறு ரகம். கம்பெனி எண்ணைவிட நன்றாக அதிகம் இறுக்க வேண்டும். கூடவே தந்திருக்கிற கிரீஸைத்தான் மரையில் தடவ வேண்டும். கண்ணைக் கடைந்ததே அந்த முழு இறுக்கத்தில் வைத்துத்தான், குறைவாக இறுக்கி அளந்தால் வட்டம் தவறிக் காட்டும். இவ்வளவும் மூன்றாவது வரியிலேயே இருந்தது.

கிரீஸைத் தடவி, காகிதத்தில் சொன்ன எண்ணில் இறுக்கி, மறுபடி அளந்தேன். கேஜ் முள் இந்தப் பக்கமும் அசையவில்லை, அந்தப் பக்கமும் அசையவில்லை. நாலும் வட்டம். எடை பார்த்தேன், நாலும் ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் என் மேசைக்கு இவ்வளவு சுத்தமான ராடு வந்ததில்லை. ஸ்டாக் ராடே போதும் என்ற என் பேச்சு சரி, இந்த ராடு பற்றி நான் சொன்னது முழுத் தவறு. கூசியது. ஆனால் கூச்சத்தைவிடப் பெரியதாக ஒரு பயம் இருந்தது, நாளைக்கு மச்சினனிடம் என்ன சொல்வது என்று. தலைமையாசிரியர் வீட்டு வாசலும், கயிற்றில் தொங்கின செங்கலும் ஞாபகம் வந்தன.

மறுநாள் அவன் வந்தபோது சொன்னேன். "கவலப்படாத. கண்ணுக்க உள்ள தேச்சு, ஹோன் பண்ணி நாலையும் வட்டத்துக்குக் கொண்டுவந்தாச்சு. இனி கூட்டலாம்."

அவன் ராடை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். கண்ணின் உள்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவினான். "ரொம்ப தேங்க்ஸ் அத்தான்" என்றான்.

அந்த ராடுகளை வைத்தே எஞ்சினைக் கூட்டினேன். என் கையில் கூடின எஞ்சின்களில் அதுதான் நல்லது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெருங்கடவிளையில் கார் மூன்றாவதாக வந்தது. அது பெரிதில்லை, அது கத்தின கத்தலுக்கே ஒரு கூட்டம் பின்னால் ஓடியது. பானெட்டைத் திறந்ததும் மொய்த்தார்கள். யார் கூட்டினது என்று கேட்டவர்களிடம் அவன் என்னைக் கைகாட்டினான்.

அடுத்த வாரம் எங்கள் தெருவில் வீட்டு ஜெபம். பாட்டு முடிந்து சாட்சி சொல்கிற நேரத்தில் மச்சினன் எழுந்தான். தான் அவசரப்பட்டுக் குற்றமுள்ள சாமானை வாங்கிவிட்டதாகவும், அத்தான் பொறுமையாகத் தன் கைத்திறத்தால் அதைச் சரியாக்கித் தந்ததாகவும், அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்வதாகவும் பேசினான். எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தப் பயல் ஊர் முன்னால் தன்னைத் தானே முட்டாளாக்கிக்கொள்கிறான், நான் என்ன செய்ய என்று நினைத்தேன்.

அதற்குப் பின் ஆள் வரத் தொடங்கினார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து இரண்டு பேர், கொல்லயிலிலிருந்து ஒருவர், பிறகு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து. கையில் எல்லாம் அதே மாதிரி ஸ்பாஞ்சு பெட்டி. ஹைவே ஷெட்டைத் தாண்டி நேராக என் கடைக்கு வந்தார்கள். அங்கே போகவில்லையா என்று ஒருவரிடம் ஒப்புக்குக் கேட்டேன். "அவன்கிட்டயா? சீத்த சாமான் வாங்குற ஆளில்லியா அவன். அவன் வாங்கின சீத்தயையே நல்லதாக்கின ஆள் நிங்களாக்கும்" என்றார். அந்தப் பேச்சை நான் மறுக்கவில்லை. வந்த ராடுகளை இரண்டு நாள் கடையில் வைத்திருந்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, சரியாக்கியாச்சு என்று திருப்பிக் கொடுத்தேன். காகிதத்தை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இதைவிடக் கேவலமாக ஒருவன் பிழைக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் பிழைத்தேன், நன்றாகவே பிழைத்தேன்.

ஆறு மாதத்தில் ஹைவே ஷெட்டின் பலகையை இறக்கினார்கள். மனைவி சாப்பாடு பரிமாறிக்கொண்டே, அவனுக்கு மறுபடி விசா வந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமை புறப்படுகிறான் என்றாள். பாதி சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ஷெட்டுக்குப் போனேன். அவன் கம்ப்ரசரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"எலே மக்கா, ஒரு காரியம் சொல்லணும். அந்த ராடுல குற்றம் ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணும் சரியாக்கவும் இல்ல."

"தெரியும் அத்தான்."

"எப்ப?"

"நீங்க அளந்த அண்ணைக்கே. பேப்பர நான் முன்னாலயே படிச்சிருந்தேன். நீங்க கம்பெனி எண்ணுல இறுக்கினிய."

"பின்ன வாயத் தொறந்து சொல்லுறதுக்கென்ன?"

"சொன்னா நீங்க எஞ்சின் கூட்டித் தருவியளா?"

யோசித்துப் பார்த்தேன். தந்திருக்க மாட்டேன். பெட்டியோடு அவனைச் சாலையில் இறக்கிவிட்டிருப்பேன்.

"அப்ப அந்த சாட்சி? அது எதுக்குலே சொன்ன?"

ஒயரை முடிச்சுப் போட்டு வைத்தான். "எனக்க வண்டியில உங்களுக்க பேரு இருந்தா நாலு பேரு வருவாங்கண்ணு நெனச்சேன்" என்றான். "வந்தாங்க அத்தான். உங்ககிட்டயாக்கும் வந்தாங்க."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். என்னிடம் இனி ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்பது மட்டும் அதில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவனைத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கொண்டுவிட்டது நான்தான். அவனுடைய காரில்தான் போனோம். பின்சீட்டில் அவன் மகள் அவன் சட்டைக் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். வழி முழுக்க எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது, அதில் ஒரு குறையும் இல்லை.